மசக்கை: சொல்லும் கைவைத்தியமும்
(மும்பைத் தமிழர் வழக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

1. முன்னுரை

கருவுற்ற முதல் மாதங்களில் பெண்ணுக்கு ஏற்படும் குமட்டல், வாந்தி, உணவு வெறுப்பு, புளிப்பு விருப்பம் ஆகியவற்றைத் தமிழர் மசக்கை என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். ஆங்கிலத்தில் இதற்கு நேராக வழங்கும் தொடர் 'காலைநேர நோய்' என்று பொருள்படுவது. மராத்தியில் இதனோடு இணைத்து எண்ணப்படும் டோஹாளே என்னும் சொல் விருப்பத்தை மட்டுமே சுட்டும். மூன்று மொழிகளும் ஒரே உடல்நிலையைப் பார்த்தாலும், அதன் வெவ்வேறு கூறுகளைப் பெயராக்கியுள்ளன. பெயர் வேறுபடும்போது அந்நிலைக்குத் தேடப்படும் பரிகாரமும் வேறுபடுகிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மும்பைப் பகுதிகளில் வாழும் தமிழர் நாள்தோறும் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுக்கிடையே இயங்குகின்றனர். அங்கே ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியின் சொல்லை ஈடாக வைப்பது நூலறிவுச் செயலாக நின்றுவிடுவதில்லை. மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் நலத்தோடு நேரடித் தொடர்புடையதாகிறது. மசக்கை என்னும் சொல்லின் வரலாற்றையும், அதற்குரிய கைவைத்தியப் பொருள்களின் பெயர் வரலாற்றையும் ஆராய்ந்து, அவற்றின் துணையோடு மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வயா: வேட்கையின் பெயர்

பழந்தமிழில் இந்நிலையைக் குறித்த சொல் வயா என்பதாகும். வயவு என்பது அதன் மற்றொரு வடிவம். தொல்காப்பிய உரியியல் வயா என்பதற்கு வேட்கையின் மிகுதி என்று பொருள் வரையறுக்கிறது. அந்நூற்பா கருவுற்றோரை மட்டும் கருதியதன்று. எனினும் சங்க இலக்கியச் சான்றுகளில் கருவுற்ற பெண்ணின் விருப்பத்தோடு இச்சொல் நெருங்கி நிற்கிறது.

ஐங்குறுநூற்றின் 51ஆம் பாடலில் தலைவியின் நிலை வயாநோய் எனப்படுகிறது. அதனோடு புளிங்காயின் மீதுள்ள வேட்கை இணைத்துப் பேசப்படுகிறது. குறுந்தொகையின் 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து ஏறும் மேகத்துக்குப் பச்சைப் புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகிறார். புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னன் ஒருவனைப் பாடும்போது, அவன் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் உண்ண இயலாது என்னும் கருத்தை அமைக்கிறார். புளிப்பு விருப்பம், மண் உண்ணும் விருப்பம் ஆகிய இரண்டும் அக்காலத்திலேயே நன்கு அறியப்பட்டிருந்தன என்பது இவற்றால் புலனாகும். இச்சான்றுகளில் வாந்தி பேசப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. நோய் என்னும் சொல் உடன் வந்தாலும், பெயரின் மையம் வேட்கையே.

வயா என்னும் சொல்லின் பொருட்பரப்பு பின்னர் விரிந்தது. கருப்பம், பேறுகால வலி முதலிய பொருள்களும் அதற்கு அகராதிகளில் தரப்பட்டுள்ளன. வேட்கையைக் குறித்த சொல், வேட்கை தோன்றும் நிலையையும், அந்நிலையின் முடிவில் வரும் வலியையும் குறிக்கத் தொடங்கியதை இங்குக் காணலாம். இன்றைய பொதுப் பேச்சுத் தமிழில் இச்சொல் வழங்குவதில்லை. ஆயின் அதன் இனச்சொற்கள் அண்டை மொழிகளில் உயிரோடு உள்ளன. கன்னடத்தில் பயஸு என்பது விரும்புதலையும், பயகெ என்பது விருப்பத்தையும் குறிப்பாகக் கருவுற்றவளின் விருப்பத்தையும் உணர்த்தும். தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது முறையான ஒலியொப்புமையாகும். மலையாளத்தில் இவ்விருப்பத்தைக் குறிக்கும் வ்யாக்கூண் என்னும் சொல்லும் இத்தொகுதியைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது. தெலுங்கு இவற்றினின்று விலகி வேவிள்ளு என்னும் சொல்லை வழங்குகிறது.

வடமொழி மரபிலும் விருப்பமே முதன்மை பெற்றது. தோஹதம் என்னும் சொல் கருவுற்றவளின் ஆசையைக் குறிக்கும். பாலியில் இது தோஹள என்றாகிச் சாதகக் கதைகளில் பயில்கிறது. சிங்களத்தில் தொளதுக என்னும் தொடர், விருப்பத்தோடு துன்பத்தையும் சேர்த்துக்கொண்டது. மராத்தியின் டோஹாளே இவ்வழியில் வந்ததே. நான்காம் மாதத்தில் கருவின் இதயம் வெளிப்படுவதால் தாய் இரண்டு இதயங்கள் உடையவளாகிறாள் என்றும், அவளது விருப்பம் குழந்தையின் விருப்பம் என்றும், அதனை மறுத்தல் குழந்தைக்குத் தீங்காகும் என்றும் சுசுருத சம்ஹிதை விளக்குகிறது. காளிதாசரின் இரகுவம்சம் மூன்றாம் சருக்கத்தில் அரசி சுதட்சிணை மண் உண்ட செய்தி வருகிறது. அமெரிக்க வடமொழி அறிஞர் மாரிஸ் புளூம்ஃபீல்டு 1920இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்விருப்பம் இந்தியக் கதைகளின் நிலையான கருப்பொருள்களுள் ஒன்றாக விளங்குவதை எடுத்துக்காட்டினார்.

இலக்கியம் விருப்பத்தைப் போற்றியபோது மருத்துவ நூல் சற்று வேறாக நடந்துகொண்டது. சரக சம்ஹிதை கருவுற்றதன் அறிகுறிகளைக் கூறுமிடத்தில் வாய்நீர் ஊறல், வாந்தி, சுவையின்மை, புளிப்பு விருப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. வாந்தியைக் குறிக்க அந்நூல் ஆளும் சர்தி என்னும் சொல்லே தமிழில் சத்தி என வழங்குகிறது. தமிழகப் பேச்சில் அருகிவிட்ட இச்சொல் ஈழத்தமிழில் இன்றும் இயல்பாக வழங்கி வருகிறது. சுவையின்மையைக் குறித்த அரோசகமும் தமிழ் மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. ஆகவே விருப்பமும் வாந்தியும் வெவ்வேறு என்னும் பகுப்பு இந்திய மருத்துவத்திற்குப் புதிதன்று.

3. மசக்கை: மயக்கத்தின் பெயர்

வயா மறைந்த இடத்தில் நின்ற சொல் மசக்கை. பரோ, எமனோ ஆகியோரின் திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி இதனை மயங்கு என்னும் வினையின் தொகுதியோடு சேர்க்கிறது. மயங்கு, மயக்கு, மயக்கம் என்னும் வடிவங்களுக்கு இணையாக மசங்கு, மசக்கு, மசங்கல் என்னும் வடிவங்களும் தமிழில் உண்டு. ஒளியும் இருளும் கலக்கும் மாலைப்பொழுதை மசங்கல் என்பது இதற்குச் சான்று. மசக்கு என்பதன் மேல் ஐ விகுதி பெற்றதே மசக்கை.

உயிரிடையில் வரும் யகரம் சகரமாதல் பேச்சுத் தமிழில் பரவலாகக் காணப்படும் மாற்றம். உயிர் உசிரு என்றும், உயரம் ஒசரம் என்றும், முயல் மொசலு என்றும், மயிர் மசிரு என்றும் வழங்கக் காண்கிறோம். இச்சொற்களில் எழுத்துவழக்கு யகரத்தையே காத்துக்கொண்டது. சகர வடிவம் கொச்சை எனத் தள்ளப்பட்டது. மசக்கை என்னும் சொல்லில் மட்டும் நிலைமை தலைகீழாக உள்ளது. சகர வடிவமே அகராதியிலும் எழுத்திலும் நிலைபெற்றுவிட்டது. புலவர் வழக்கினும் வீட்டில் பெண்டிர் வழக்கே இச்சொல்லைக் காத்து வந்தமையால், பேச்சொலியோடு அது எழுத்தில் ஏறியது எனக் கருதுவது பொருந்தும்.

இச்சொல்லாட்சியின் விளைவு பொருள் அளவில் பெரியது. வயா என்பது ஒன்றை நோக்கிச் செல்லும் மனத்தின் பெயர். மசக்கை என்பது தன்னிலை தளர்ந்த உடலின் பெயர். முன்னதற்குப் பரிகாரம் விரும்பியதைக் கொடுத்தல். பின்னதற்குப் பரிகாரம் தளர்ச்சியை நீக்குதல். எனினும் புதிய சொல் பழைய பொருளை முற்றிலும் விலக்கிவிடவில்லை. மசக்கைக்காரி மாங்காய் கேட்கிறாள் என்னும்போது வேட்கையும், மசக்கையில் சோறு இறங்கவில்லை என்னும்போது குமட்டலும் குறிக்கப்படுகின்றன. இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவதே இச்சொல்லின் வலிமை. மொழிபெயர்ப்பில் தொல்லை தருவதும் அதுவே.

மசக்கையைச் சூழ்ந்த சொற்புலத்தையும் இங்குச் சுட்டவேண்டும். குமட்டல், உமட்டல் என்பன வயிற்றைப் புரட்டும் உணர்வைக் குறிப்பன. ஓங்கரித்தல், ஓக்காளம் என்பன வெளிவராத நிலையில் தொண்டையில் எழும் முயற்சியை ஒலியோடு உணர்த்துவன. கக்கல், வாயாலெடுத்தல், வாந்தி, சத்தி என்பன வெளிவந்துவிட்ட செயலைச் சுட்டுவன. உணர்வு, முயற்சி, செயல் என்னும் மூன்று படிகளையும் தமிழ் தனித்தனிச் சொல்லால் பிரித்தறிகிறது. கருவுற்றதைக் கூறும் தொடர்களோ பெரும்பாலும் மறைமொழியாகவே அமைகின்றன. முழுகாமல் இருக்கிறாள், குளிக்காமல் இருக்கிறாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது, வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்பன அத்தகையன. இவற்றுள் முதலிரண்டும் மாதவிலக்கிற்குப் பிந்திய நீராட்டு நிகழாமையைச் சுட்டுவன. இத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் இந்தியிலோ மராத்தியிலோ பெயர்த்தால் கேட்பவர் வெறும் நீராடாமையையே உணர்வார்.

4. மும்பைச் சூழல்

மும்பைத் தமிழர் ஒரே காலத்தில், ஒரே இடத்திலிருந்து வந்தவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தனர். 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. அலுவலக வேலைக்கு வந்த தஞ்சை, பாலக்காட்டுக் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது இக்குடியேற்றத்தின் விளைவு. விடுதலைக்குப் பின் வடகிழக்கே செம்பூர் வளர்ந்தபோது, மாட்டுங்காவில் இடம் போதாதவர்களும், டிராம்பேயின் அணுவாற்றல், உரத் தொழிற்கூடங்களில் பணி பெற்றவர்களும் அப்பகுதியை நாடினர். ஆகவே மும்பைத் தமிழ் என்பது திருநெல்வேலி வழக்கு, தஞ்சை வழக்கு, பாலக்காட்டு வழக்கு ஆகியவை அருகருகே வாழும் ஒரு தொகுதியாகும்.

மசக்கையைப் பொறுத்தவரை இப்புலப்பெயர்வில் ஒரு நுட்பம் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். வளைகாப்பு அல்லது சீமந்தம் முடிந்து ஏழாம் மாதத்திற்குப் பின்னரே பெண் தாய்வீடு செல்வாள். மசக்கையோ பெரும்பாலும் ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி மிகுந்து, பன்னிரண்டு முதல் பதினாறு வாரங்களுக்குள் தணிவது. அதாவது, தாயின் துணை பெரிதும் வேண்டப்படும் காலம் பயணத்திற்கு முன்னரே கழிந்துவிடுகிறது. மாமியார் உடனிருந்த வீடுகளில் கைவைத்தியம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கணவனும் மனைவியும் மட்டும் வாழ்ந்த மாட்டுங்காக் குடியிருப்பிலோ தாராவிச் சிற்றறையிலோ அது அண்டை வீட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. அண்டை வீட்டார் மராத்தியராகவோ குஜராத்தியராகவோ கன்னடராகவோ இருக்கக்கூடும். ஊரிலிருந்து பிரிந்து வாழும் இளம்பெண்ணுக்கு அச்சுநூல் துணையானதும் இக்காலத்தில்தான். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' மூத்தோர் அருகில் இல்லாத இளம் மணமகளிருக்கு வழிகாட்டியது என்பது பலரும் அறிந்தது.

மராத்தியரிடம் வளைகாப்பை ஒத்த சடங்கு டோஹாளே ஜேவண் எனப்படும். ஜேவண் என்பது உணவு. எனவே இத்தொடருக்கு 'ஆசை உணவு' என்பது பொருள். தமிழ்ச் சடங்கு கையில் அணியும் வளையலாலும் காப்பாலும் பெயர் பெற்றது. மராத்திச் சடங்கு வாய் விரும்பும் உணவால் பெயர் பெற்றது. எனினும் தமிழ்ச் சடங்கிலும் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எனப் புளிப்பு முதன்மை பெறும் சித்திரான்னங்கள் இடம்பெறுகின்றன. பெயரில் மறைந்த வயா உணவில் தங்கியிருக்கிறது எனலாம்.

5. கைவைத்தியப் பொருள்களும் அவற்றின் பெயர்களும்

மசக்கைக்குரிய கைவைத்தியத்தில் முதலிடம் இஞ்சிக்கே. இஞ்சிச் சாற்றைத் தேனுடன் கலந்து உண்பதும், சுக்கைப் பொடித்து வெந்நீரில் இட்டுப் பருகுவதும், இஞ்சி மொரப்பாவை வாயில் ஒதுக்கிக்கொள்வதும் பரவலான வழக்கங்கள். இஞ்சி என்னும் சொல்லின் பயணம் மொழியியலார் நன்கறிந்தது. இஞ்சி, வேர் என்னும் இரு சொற்களின் கூட்டு, பாலியில் சிங்கிவேர என்றும், வடமொழியில் சிருங்கவேர என்றும் ஆயிற்று. வடமொழியில் சிருங்கம் என்பது கொம்பு ஆதலால், கொம்பு வடிவுடையது என்னும் புதுவிளக்கமும் பிறந்தது. கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ் என்றும், இலத்தீனில் ஜிங்கிபெர் என்றும் மாறி, இறுதியில் ஆங்கிலத்தின் ஜிஞ்சர் தோன்றியது. ஆலன் ராஸ் 1952இல் இவ்வொரு சொல்லுக்காகவே ஒரு நூல் எழுதினார். மொரப்பா என்பது அரபு மொழியின் முரப்பா. தென்மொழிச் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரு தின்பண்டத்தின் பெயரில் சந்திக்கின்றன.

மும்பையில் இப்பொருள்களே வேறு பெயர் பூணுகின்றன. பச்சை இஞ்சி மராத்தியில் ஆலே, இந்தியில் அத்ரக். உலர்ந்த சுக்கு மராத்தியில் சுண்ட். இஞ்சியைச் சர்க்கரைப் பாகில் இட்டுச் செய்யும் வில்லை ஆலேபாக். நெல்லிக்காய் ஆவளா, ஓமம் ஓவா, சீரகம் ஜிரே, புளி சிஞ்ச். புதினா என்னும் பாரசீகச் சொல் ஒன்றே ஏறத்தாழ எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறது. பொருளைக் கைமாற்றும்போது பெயரைத் தவறாகக் கொள்ளும் இடங்களும் உள்ளன. மராத்தியில் லிம்பூ என்பது எலுமிச்சை. கடுலிம்ப் என்பது வேம்பு. கொங்கணக் கரையின் புளிப்புப் பழமாகிய கோக்கத்தைத் தமிழில் குடம்புளி என்று பெயர்ப்பது பொருந்தாது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தனவாயினும் வெவ்வேறு மரங்களின் கனிகள். இத்தகைய இடங்களில் கோக்கம் என்றே எழுதிச் சிறு விளக்கம் தருவது நன்று.

சித்த மருத்துவத்தில் மாதுளை மணப்பாகு மசக்கைக்குத் தரப்படுகிறது. மணமும் பாகும் இணைந்த இச்சொல், சர்பத், சிரப் என்னும் பிறமொழிச் சொற்களுக்கு முழுத் தகுதியுடைய ஈடாக மருத்துவ வழக்கில் முன்பே உள்ளது. தமிழ்நாடு அரசு கருவுற்ற பெண்களுக்கென வகுத்த சித்த மருந்துப் பெட்டகத்தில் இடம்பெற்றதன் வழியே இப்பெயர் மருத்துவரல்லாதாரிடமும் பரவியது.

இம்மருத்துவ அறிவைக் குறிக்கும் பொதுப்பெயர்களும் ஒப்பிடத்தக்கன. தமிழில் கைவைத்தியம், பாட்டி வைத்தியம் என்பன வழங்க, மராத்தியில் கர்குதீ உபாய், ஆஜிபாயீச்சா பட்வா என்பன வழங்குகின்றன. பின்னதற்குப் 'பாட்டியின் சுருக்குப்பை' என்பது பொருள். தமிழர் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருப்பதை மராத்தியர் சுருக்குப்பையில் வைத்திருக்கின்றனர்.

6. இக்கால மருத்துவத்தின் மதிப்பீடு

கருவுற்ற பெண்களுள் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ ஏற்படுகிறது. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, கருவிலிருந்து தாயின் குருதிக்குள் வரும் ஜி.டி.எஃப்.15 என்னும் புரதத்தை இதற்கு முதன்மைக் காரணமாகக் காட்டியது. கருவுறுவதற்கு முன் அப்புரதத்தின் அளவு எவருக்குக் குறைவாக இருந்ததோ அவரே பின்னர் அதன் பெருக்கத்தால் மிகுதியாகத் துன்புறுகிறார் என்பது அவ்வாய்வின் முடிவு. மசக்கை மனப்போக்கால் வருவது, செல்லம் கொண்டாடுவது என்னும் பழைய ஏளனத்திற்கு இதன் பின் இடமில்லை.

கைவைத்தியத்துள் இஞ்சி பலமுறை சோதிக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் உலர் இஞ்சிப்பொடி என்னும் அளவில் நடந்த ஆய்வுகள், அது குமட்டலை ஓரளவு தணிப்பதாகவும், வாந்தியின் எண்ணிக்கையைக் குறைப்பதில் அத்துணைப் பயன் தராததாகவும் காட்டுகின்றன. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2021இல், மருந்தை விரும்பாதவருக்கு மிதமான நிலையில் இஞ்சியைப் பரிந்துரைத்தது. குருதி உறையாமைக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே இதனை மிகுதியாகக் கொள்ளவேண்டும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல், படுக்கையிலிருந்து எழுமுன் பொரி, ரொட்டி போன்ற உலர் உணவைக் கடித்துக்கொள்ளல், தாளிப்பு மணத்தையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தவிர்த்தல், உணவோடன்றி இடையிடையே நீர் பருகுதல் ஆகியன தீங்கற்ற வழிகள். மணிக்கட்டின் உட்புறத்தில் மூன்று விரற்கடை மேலே அழுத்தும் முறையால் சிலர் நலம் பெறுகின்றனர். ஆய்வு முடிவுகள் ஒரேதன்மையாக இல்லை. இவை போதாதபோது பைரிடாக்சின் எனப்படும் பி6 உயிர்ச்சத்தை மருத்துவர் தருவர்.

மண் உண்ணும் விருப்பத்தை மட்டும் வயாவின் இயல்பு என விட்டுவிடலாகாது. அது இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். நகர மண்ணில் ஈயம் கலந்திருக்கவும் கூடும். புறநானூற்றுப் புலவர் பெருமிதமாகக் கண்டதை இன்றைய மருத்துவர் குருதிச் சோதனைக்குரிய குறியாகக் காண்கிறார்.

இயற்கை வழி என்பதற்கு இன்று கிடைத்துள்ள மதிப்பின் பின்னே ஒரு துயர வரலாறும் உள்ளது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மசக்கைக்கும் தரப்பட்டது. 1961இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தன. அச்சம் அதன்பின் நல்ல மருந்தையும் தாக்கியது. பி6 உயிர்ச்சத்தும் டாக்சிலமைனும் சேர்ந்த மருந்து அமெரிக்காவில் 1983இல் வழக்குகளின் காரணமாக நிறுத்தப்பட்டு, தீங்கற்றது என நிறுவப்பட்டு 2013இல் மீண்டும் ஒப்புதல் பெற்றது. எனவே மருந்து என்பதாலேயே தீதும் அன்று. இயற்கை என்பதாலேயே நன்றும் அன்று.

7. மொழிபெயர்ப்புச் சிக்கல்

தமிழில் மருத்துவ மொழிபெயர்ப்பின் முன்னோடியாகிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். மகப்பேற்று மருத்துவ நூலொன்றையும் அவர் தமிழாக்கினார். வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடுதல், கிடைக்காதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. மசக்கையைப் பொறுத்தவரை இந்நெறியின் முதற்படியே போதும் எனத் தோன்றும். ஆயின் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத் தொடரைக் 'காலைநேர நோய்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். இந்நிலை காலைக்கு மட்டும் உரியதன்று. மாலையிலும் இரவிலும் வரும். மூலமொழியிலேயே பிழையான காலக்குறிப்பைத் தமிழில் மீண்டும் படைப்பது தேவையற்றது. காலத்தைச் சுட்டாத மசக்கை என்னும் சொல் இவ்வகையில் மூலத்தினும் செம்மையானது.

இரண்டாவது, மசக்கையையும் டோஹாளேயையும் ஈடாகக் கொள்ளுதல். மசக்கை கடுமையாக உள்ளது என்று தமிழ்ப்பெண் சொன்னதை, டோஹாளே மிகுதி என்று இடைநின்றவர் பெயர்த்தால், மருத்துவர் அவளுக்கு ஆசை மிகுந்துள்ளது என்று கொண்டு புன்னகைத்து விடுவார். அங்கே வேண்டப்படுவது குமட்டலைக் குறிக்கும் மள்மள், வாந்தியைக் குறிக்கும் உல்ட்டி ஆகிய சொற்களே. தாராவிக்கு அருகில் சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை போன்ற பெருங்கூட்டம் நிறைந்த இடங்களில், மொழி அறியாத பெண்ணுக்காகப் பேசுபவர் கணவரோ அண்டை வீட்டாரோ பள்ளிப்பிள்ளையோ ஆக இருத்தல் கூடும். தாய்சேய் நலத்திற்கென 1999இல் தொடங்கித் தாராவியில் பணிபுரியும் ஸ்நேகா போன்ற அமைப்புகளின் வழியாகச் செய்தி வீடுவரை செல்கிறது. அச்செய்தியைத் தாங்கும் தாள்களில் சொல் தெளிவாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதே மிக முதன்மையானது. கருவுற்றோருள் ஏறத்தாழ நூற்றில் மூவர் வரையிலானோர்க்கு வாந்தி கட்டுமீறிப் போகிறது. அனைத்துலக மருத்துவச் சொல் இதனைக் 'கருவுற்றோரின் மிகைவாந்தி' என்னும் பொருளில் தனிநோயாகப் பிரிக்கிறது. அச்சொல் கிரேக்கமும் இலத்தீனும் கலந்தது. தமிழ்ப் பேச்சிலோ மெல்லிய குமட்டலும் உயிருக்கு ஊறு செய்யும் மிகைவாந்தியும் மசக்கை என்னும் ஒரே போர்வைக்குள் அடங்கிவிடுகின்றன. மசக்கைதானே, மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்னும் ஆறுதல் மொழி பெரும்பாலோருக்கு மெய். எஞ்சியவருக்கு அது காலத்தாழ்வு. எனவே மிகைவாந்தி என்னும் சொல்லைத் தனியே நிறுத்தி, அதன் குறிகளைச் செயல்களாக எழுத வேண்டும்: ஒரு நாள் முழுவதும் நீர்கூட வயிற்றில் தங்காமை, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாதல், எடை குறைதல், எழுந்தால் தலை சுற்றல், வாந்தியில் குருதி, காய்ச்சல், வயிற்றுவலி. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கைவைத்தியத்தை நிறுத்தி மருத்துவமனை செல்லவேண்டும் என்னும் தொடர், இஞ்சியைப் பற்றிய தொடருக்கு அடுத்த வரியிலேயே இடம்பெறுதல் தகும்.

8. முடிவுரை

வயா, மசக்கை, டோஹாளே, காலைநேர நோய் ஆகியன ஒரே நிலையின் நான்கு பெயர்களல்ல. அந்நிலையை நோக்கிய நான்கு பார்வைகள். வேட்கையைப் பெயராக்கிய மரபு பெண்ணின் விருப்பத்தை நிறைவேற்றச் சொன்னது. மயக்கத்தைப் பெயராக்கிய மரபு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தது. இக்கால மருத்துவம் வாந்தியின் அளவை நோக்குகிறது. மசக்கை என்னும் சொல் முதலிரண்டையும் தன்னுள் கொண்டிருப்பது அதன் சிறப்பு. மூன்றாவதை அது வேறுபடுத்திக் காட்டாமை அதன் குறை. அக்குறையைச் சொல்லை மாற்றி நீக்க இயலாது, மாற்றவும் வேண்டுவதில்லை. மிகைவாந்தி என்னும் துணைச்சொல்லை அதனருகே நிறுத்துவதே போதும். அகராதியில் இது ஒரு பதிவு மட்டுமே. தாராவியின் சிற்றறையில் இரண்டு நாளாக நீரும் தங்காமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு, அவளருகில் இருப்பவர் எந்தச் சொல்லை அறிந்திருக்கிறார் என்பதே அவள் எப்போது மருத்துவமனை செல்வாள் என்பதை முடிவுசெய்யும்.